வடம் திரிக்கும் கைகள்

கயிறு என்பது மூன்றெழுத்துச் சொல். அந்த மூன்றெழுத்துக்குள் தமிழன் தன் வாழ்வு முழுவதையும் முடிந்து வைத்திருக்கிறான். பிறந்ததும் இடுப்பிலே அரைஞாண் கயிறு. உறங்கத் தொட்டில் கயிறு. உழவுக்குப் போனால் காளைக்கு மூக்கணாங்கயிறு, கிணற்றுக்குப் போனால் தாம்புக் கயிறு, மணமேடைக்குப் போனால் தாலிக் கயிறு! காய்ச்சல் வந்தால் மந்திரித்த கயிறு. காய்ச்சல் முற்றி மூச்சு நின்றால் பாடை கட்டக் கயிறு. அதோடும் விட்டார்களா? எமன் என்றொருவன் எருமையேறி வருவதாகவும், அவன் கையிலே பாசக் கயிறு தொங்குவதாகவும் கதை கட்டினார்கள். எமனின் கயிற்றைப் பற்றிப் புராணம் பாடிய நாட்டிலே, இரண்டு கையாலும் தும்பைப் பிடித்துக் கயிறு திரிக்கிறவரைப் பற்றி எத்தனை பேர் எழுதினர், தோழர்களே?

நாம் ஆசிரியப் பணி செய்வது கூட்டேரிப்பட்டு வட்டாரத்தில். சென்னையிலிருந்து திருச்சி நோக்கி விரையும் பெருஞ்சாலையிலே, திண்டிவனத்தைத் தாண்டியதும் வருகிற கூட்டுச் சாலை ஊர். ஒரு கிளை பிரிந்து மயிலத்துக்கும் அதற்கப்பால் புதுவைக்கும் போகிறது. இங்கே கூடும் வாரச் சந்தையில் ஆடு மாடு கைமாறுவதைப் பார்ப்பது நமக்கொரு பழக்கம். வகுப்பறையில் கிடைக்காத பொருளாதாரப் பாடம் அங்கே கிடைக்கும்! மாட்டை விற்கிறவர் மாட்டைக் கொடுப்பார். கயிற்றைக் கொடுக்க மாட்டார். கழற்றிச் சுருட்டி மடியில் வைத்துக்கொள்வார். வாங்குகிறவர் புதுக்கயிறு போட்டு ஓட்டிச் செல்ல வேண்டும். கயிற்றோடு கொடுத்தால் வீட்டுச் செல்வமும் கூடவே போய்விடுமாம்! பால் கொடுத்த மாடு போகிறது, உழைத்த எருது போகிறது, அவற்றோடு போகாத செல்வம் அரை முழக் கயிற்றோடு போய்விடும் என்று நம்புகிறது பேதை நெஞ்சம். ஆயினும் ஒன்று. அந்த நம்பிக்கையால் சந்தை வாயிலிலே கயிறு விற்கும் முதியவருக்கு வாரந்தோறும் வியாபாரம் உண்டு. மூடநம்பிக்கையும் சில வேளைகளில் ஏழைக்குக் கஞ்சி ஊற்றுகிறது என்று நண்பர் கேலியாகச் சொன்னார். நாம் மறுக்கவில்லை.

அந்த முதியவரிடம், "இது எந்த ஊர்க் கயிறு?" என்று கேட்டோம். முக்கால் பங்கு நைலான், அதை விடுங்கள் என்றார். தென்னங்கயிற்றைக் காட்டி, "இது சிங்கம்புணரிச் சரக்கு" என்றார். அந்த ஒரு சொல்தான் கோடை விடுமுறையில் நம்மையும், வரலாறு கற்பிக்கும் நண்பரையும் விழுப்புரத்திலும் திருச்சியிலும் பேருந்து மாற வைத்து, மதுரைச் சாலையிலே கொட்டாம்பட்டியில் இறக்கிவிட்டது. அங்கிருந்து கிழக்கே சிறு தொலைவு. சிவகங்கை மாவட்டத்துச் சிங்கம்புணரி. தலைமுறை தலைமுறையாகத் தென்னை நாரும் கயிறும் பிழைப்பாகக் கொண்ட ஊர்.

நாம் போய் நின்ற பட்டறை, பாட்டன் காலத்தில் தொடங்கிப் பேரன் காலத்திலும் நடப்பது. பட்டறை என்றதும் நாற்புறச் சுவரும் புகைபோக்கியும் நினைவுக்கு வரவேண்டாம். நெடிய தோப்பு, தென்னை நிழல், ஒரு கோடியில் கீற்றுக் கொட்டகை, அதுதான் ஆலை. கயிற்றுக்கு வேண்டிய முதல் பொருள் இடம். புரிகள் முறுக்கேற முறுக்கேற நீளம் சுருங்கும். ஆகவே நூறு அடிக் கயிற்றுக்கு நூறு அடி இடம் போதாது, அதற்கு மேலும் வேண்டும். பருத்தி ஆலைக்காரன் மாடி மேல் மாடி கட்டலாம். கயிற்றுக்காரன் நீளத்தைத்தான் நாடவேண்டும்.

ஒரு புறம் மட்டை மலைபோல் குவிந்து கிடக்கிறது. நனைத்து ஊறவைத்த மட்டையை இயந்திரம் அடித்துக் கிழித்துத் தும்பை ஒரு பக்கமும் தூளை மறு பக்கமும் தள்ளுகிறது. கேரளத்துக் காயல்களில் பச்சை மட்டையை மாதக் கணக்கில் நீரில் அழுகவிட்டு வெள்ளை நார் எடுப்பார்கள். நம் பக்கத்தில் பெரும்பாலும் உலர்ந்த மட்டை, பழுப்பு நார். முன்பெல்லாம் தூளைக் கொட்ட இடமின்றித் தவித்தார்களாம். இன்று அதே தூளைக் கட்டியாக அழுத்திச் செடி வளர்க்க வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்கிறார்கள். தூள் கப்பலேறிவிட்டது, தூளைச் சுவாசிக்கிற தொண்டை மட்டும் இங்கேயே இருமிக்கொண்டிருக்கிறது.

தும்பை வெயிலில் உலர்த்தி, உதறி, இராட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். இராட்டு என்றதும் காந்தியாரின் இராட்டையை எண்ணிவிடாதீர்கள். இது சுழலும் கொக்கிகள் பொருத்திய சக்கரம். முன்பு ஒருவர் கையால் சுற்றினார். இப்போது சிறு மின் பொறி சுற்றுகிறது. பெண்ணொருத்தி மடி நிறையத் தும்பை இடுக்கிக்கொண்டு, நுனியைக் கொக்கியில் மாட்டி, விரலால் சிறிது சிறிதாகத் தும்பை விட்டுக்கொண்டே பின்னோக்கி நடக்கிறாள். விரலிடையே இழை பிறக்கிறது. தோப்பின் கோடி வரை நடந்து, மீண்டு வந்து, மறுபடி பின்னோக்கி நடை. காலை முதல் மாலை வரை இதே நடை. நாட்டை முன்னேற்ற வேண்டும் என்று மேடையில் முழங்குகிறோமே, அந்த நாட்டைக் கட்டிய கயிற்றில் ஒவ்வொரு சாணும் பின்னோக்கி நடந்த பெண்ணின் காலடியால் அளக்கப்பட்டது!

ஐம்பதைத் தாண்டிய அம்மையார் ஒருவர் இழை விடுவதைப் பார்த்து நின்றோம். கண் வேறெங்கோ இருக்கிறது. விரல் தானாக அளக்கிறது, இழை எங்கும் ஒரே பருமன். "பாக்காம எப்படியம்மா இவ்வளவு சீரா வருது?" என்று கேட்டோம். "கண்ணு எதுக்கு தம்பி? விரலு சொல்லும்" என்றார். பிறகு உள்ளங்கையை விரித்துக் காட்டினார். தேய்ந்து வழவழப்பான கை. ஆயுள் ரேகை இல்லை, அதிர்ட்ட ரேகை இல்லை. கைரேகை சாத்திரி வந்தால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடவேண்டியதுதான் என்று நாம் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

"நீங்க சிரிக்கிறீக. ரேசன் கடையில விரலை வச்சா அந்த மிசினு என்னைய ஏத்துக்க மாட்டேங்குது. இந்த விரலு, அந்த விரலு, பத்து விரலும் வச்சுப் பாத்துட்டேன். நாலு தடவ நடந்தாத்தான் அரிசி. கயிறு திரிச்ச கைக்கு ஏது ரேகை?"

சிரித்த வாய் மூடிக்கொண்டது. உழைத்து உழைத்து ரேகை தேய்ந்த கையை, 'நீ நீயல்ல' என்கிறது இயந்திரம்! கைரேகை பார்த்து எதிர்காலம் சொல்கிறவனைப் பொய்யன் என்று எழுதினோம், பேசினோம். கைரேகை பார்த்து அரிசி அளக்கும் ஏற்பாட்டை விஞ்ஞானம் என்று பாராட்டினோம். விஞ்ஞானந்தான், ஐயமில்லை. ஆனால் ரேகை தேயும்படி உழைக்கிறவரை மனத்தில் வைத்து அந்த விஞ்ஞானத்தை அமைத்தவர் யார்? கண் கருவிழியைக் காட்டியோ, கைப்பேசிக்கு வரும் எண்ணைச் சொல்லியோ பொருள் பெற வழி உண்டென்று நாம் எடுத்துச் சொன்னோம். "அந்தக் கடையில அதெல்லாம் சொல்லலையே" என்றார். ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

கூலி பற்றியும் கேட்டோம். எடைக்குக் கூலி. மழை பெய்தால் தும்பு காயாது, வேலை இல்லை. மட்டை விலை ஏறினால் முதலாளி கையைப் பிசைகிறார், வேலை குறைகிறது. 2018 நவம்பரில் கசா புயல் தஞ்சை, புதுக்கோட்டைப் பகுதிகளில் தென்னைகளை வேரோடு சாய்த்தபோது, இழப்பு தோப்புக்காரரோடு நிற்கவில்லை. தென்னையை நம்பிய கயிற்றுத் தொழிலையும் தொட்டது. புயல் நிவாரணக் கணக்கிலே மரத்துக்கு எண் உண்டு. பின்னோக்கி நடக்கிறவளுக்கு எந்த எண்?

சரி, கயிறு எப்படிக் கயிறாகிறது? படித்தவர் பலருக்கும் தெரியாத செய்தி என்பதால் சற்று விரித்தே சொல்கிறோம். தும்பை ஒரு பக்கமாக முறுக்கினால் இழை. இழையைத் தனியே விட்டால் முறுக்கு அவிழ்ந்து மீண்டும் தும்பாகிவிடும். ஆகவே பல இழைகளைச் சேர்த்து, எதிர்ப் பக்கமாக முறுக்குகிறார்கள், அது புரி. மூன்று புரிகளை எடுத்து, மீண்டும் முதல் பக்கமாக முறுக்குகிறார்கள், அதுதான் கயிறு. இழை அவிழ முயன்றால் புரி இறுகும். புரி அவிழ முயன்றால் கயிறு இறுகும். ஒன்றின் அவிழும் வேகமே மற்றொன்றைக் கட்டிப் போடுகிறது. பசையில்லை, ஆணியில்லை, முடிச்சும் இல்லை! மூன்று பள்ளம் வெட்டிய கூம்பு வடிவ மரக்கட்டை ஒன்று. அதன் பள்ளத்துக்கு ஒன்றாக மூன்று புரிகளும் ஓட, கட்டையைப் பிடித்தவர் மெல்ல நடக்க, அவருக்குப் பின்னால் கயிறு பிறந்துகொண்டே வருகிறது. கட்டை விரைந்தால் கயிறு தளரும். தாமதித்தால் இறுகி முறியும். அந்த நடையின் அளவை எந்தப் புத்தகமும் கற்பிக்காது. அறிவியல் படிப்பு ஏறாத கூட்டம் என்று நாம் யாரைச் சொல்கிறோமோ, அவர்கள் எதிர் விசையின் இலக்கணத்தைக் காலால் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

தென்னை நாருக்கு மற்றொரு பெருமை, உப்பு நீருக்கு அஞ்சாதது. அதனால்தான் ஆணி அறையாமல் நாரினால் தைத்த மரக்கலங்கள் அரபிக் கடலை அளந்தன. ஓர்முசுத் துறைமுகத்தில் அத்தகைய கலங்களைக் கண்ட மார்க்கோ போலோ, தேங்காய் மட்டையின் நாரால் பலகைகளைத் தைத்திருப்பதைக் குறித்து வைத்தார். 14-ஆம் நூற்றாண்டில் மாலைத்தீவில் தங்கிய இபன் பதூதா, அங்குள்ள நார் இந்தியாவுக்கும் சீனத்துக்கும் ஏமனுக்கும் போவதை எழுதினார். ஆங்கிலேயர் இந்நாருக்கு வழங்கும் 'காயர்' என்ற பெயரும் நம் திராவிடச் சொல்தான். மலையாளத்தார் 'கயர்' என்பதும் நாம் 'கயிறு' என்பதும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். சொல்லைக் கொடுத்தோம், பொருளையும் கொடுத்தோம். விலையை மட்டும் அவர்கள் வைத்தார்கள். 1859-இல் சேம்சு தாரா என்பவர் ஆலப்புழையில் தொடங்கிய ஆலையே இந்நாட்டில் தென்னை நார்ப் பொருள்களுக்கான முதல் தொழிற்சாலை. அதே ஆலப்புழையின் கயிற்றுத் தொழிலாளர்தாம் 1922-இல் சங்கம் கண்டார்கள், 1938-இல் பெரும் வேலை நிறுத்தம் நடத்தினார்கள். கயிறு திரித்த கை, தனி இழையாக நின்றால் அறுபடுவோம் என்பதை முன்னரே அறிந்திருந்தது போலும்.

திரும்பும் வழியில் நண்பர் இங்கிலாந்தின் சாத்தம் கப்பல் தளத்தைப் பற்றிச் சொன்னார். கெண்டு மாவட்டத்திலே, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்குக் கட்டிய கயிற்றுக் கூடம் 346 மீட்டர் நீளம். ஒரே கூரையின் கீழ் கால் கல் தொலைவு! போர்க் கப்பல்களுக்குக் கயிறு கொடுத்த அந்தத் தளம் 1984-இல் மூடப்பட்டது. கயிற்றுக் கூடம் மட்டும் மூடவில்லை. பழைய இயந்திரங்களில் இன்றும் கயிறு திரிக்கிறார்கள், மக்கள் நுழைவுச் சீட்டு வாங்கிப் பார்க்கிறார்கள். தொழிலைக் காட்சிப் பொருளாக்கி வைத்துக் காப்பாற்றுவது அவர்கள் முறை. காட்சிக்கும் வராமல் கண்ணுக்கும் படாமல் நடத்துவது நம் முறை. எது மேல் என்று நாம் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் நண்பர் சொன்ன மற்றொரு செய்தி நெஞ்சில் தைத்தது. அரசுக் கப்பலுக்குத் திரிக்கும் கயிற்றிலே, அடையாளத்துக்காக, நிறம் வேறான ஒற்றை இழையை உள்ளே சேர்த்துத் திரிப்பார்களாம். திருடர் இழை என்று அதற்குப் பெயர். கயிற்றை வெட்டி எவனாவது விற்றால், முனையைப் பிரித்து நிறத்தைப் பார்த்து, இது அரசனின் சொத்து என்று பிடித்துவிடுவார்கள்.

நிறம் பார்த்து, இது யாருடைய சொத்து என்று சொல்வது! பேருந்தின் இருட்டிலே நமக்குக் கப்பல் தெரியவில்லை. நம் வகுப்பறை தெரிந்தது.

ஆம், தோழர்களே! பள்ளிச் சிறுவர்களின் மணிக்கட்டைப் பாருங்கள். இன்ன நிறம் கட்டியவன் இன்ன சாதி, அந்த நிறம் கட்டியவன் அந்தச் சாதி! 'சாமிக் கயிறு சார்' என்பார்கள். சாமிக்கு எத்தனை நிறம் என்று கேட்டால் தலை குனிவார்கள். இது தென் மாவட்டத்து நோய் என்று நம் பக்கத்தார் ஆறுதல் சொல்லிக்கொள்கிறார்கள். நோய்க்கு மாவட்ட எல்லை தெரியுமா? நம் வகுப்பிலேயே இரு நிறங்கள், இரு பலகைகள், இரு குழுக்கள். பந்து விளையாட்டிலும் பிரிந்தே நிற்கிறார்கள். 2019-இல் பள்ளிக் கல்வித் துறை இத்தகைய கயிறுகளைத் தடுக்கச் சுற்றறிக்கை விட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும், பழைய நிலையே தொடரும் என்று அன்றைய அமைச்சர் கூறிவிட்டார். 2023 ஆகத்தில் நாங்குநேரியில் தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த மாணவனையும், தடுக்க வந்த தங்கையையும் உடன் படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அதன்பின் அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 சூனில் அரசுக்குத் தந்த அறிக்கையிலே, மணிக்கட்டுக் கயிறு முதலிய சாதி அடையாளங்களைப் பள்ளிகளில் தடை செய்யப் பரிந்துரைத்தது. பரிந்துரை தாளில் இருக்கிறது. கயிறு கையில் இருக்கிறது.

கத்தரிக்கோலை எடுத்து நறுக்கிவிடலாமே என்று நண்பர்கள் கேட்பார்கள். நறுக்கலாம். மறுநாள் புதுக்கயிறு வரும், முன்னிலும் தடித்ததாக, பெற்றவன் கட்டிவிட்டதாக! கத்தரிக்கோலால் அறுவது நூல் மட்டுந்தான். நாம் வேறு வழி தேடிக்கொண்டிருக்கிறோம்.

சிங்கம்புணரியில் கண்ட ஒன்றைச் சொல்லாமல் விட்டோம். கொட்டகையின் நடுவே, ஆள் தொடையளவு பருத்த வடம் ஒன்று சுருண்டு கிடந்தது. தேர்வடம். எந்த ஊர்க் கோயிலுக்கோ போகிறது. தேரிலே கடவுள் வருகிறார் என்பதை நாம் ஏற்பதில்லை. ஆயினும் அந்த வடத்தைத் தொட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. புரி ஒவ்வொன்றும் மணிக்கட்டுப் பருமன். அதைத் தூக்கி வண்டியில் ஏற்றவே ஒரு கூட்டம் வேண்டும். "இத திரிக்கையில பதினஞ்சு பேரு சேர்ந்து முறுக்கணும் தம்பி. ஒருத்தரு கை தளர்ந்தாலும் புரி மாறிப்போகும்" என்றார் அதே அம்மையார். அந்தப் பதினைந்து பேர் யார் யார், எந்தத் தெரு என்று அங்கே எவரும் கணக்கெடுப்பதில்லை. கை வேண்டும், அவ்வளவுதான்.

திரிக்கும்போது கேட்காத கேள்வியை, இழுக்கும்போது கேட்கிறார்களே! அதே சிவகங்கை மாவட்டத்தில், தேவகோட்டைக்கு அருகே கண்டதேவி என்றோர் ஊர். சொர்ணமூர்த்தீசுவரர் கோயில் தேரின் வடத்தைத் தாழ்த்தப்பட்ட மக்களும் பிடிக்க வேண்டும் என்று கேட்டதற்காக 1998-இல் மூண்ட பூசல் நாடறிந்தது. வழக்கு, ஆணை, காவல், தடை, மீண்டும் வழக்கு! தேர் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக நிலையை விட்டு நகரவில்லை. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தலையிட்ட பின்னரே, 2024 சூன் 21-இல், ஆயிரக்கணக்கான காவலர் புடைசூழத் தேர் ஓடிற்று. கடவுளை இழுக்கக் காவல்துறை! வடத்தில் கை வைக்க ஒரு தலைமுறைப் போராட்டம்! தேரில் நமக்கு நம்பிக்கையில்லை, வடத்தில் எதற்கு அக்கறை என்று கேட்பாரும் உண்டு. கோயிலுக்குள் போகவேண்டுமென்று நமக்கு ஆசையில்லை. ஆனால் வைக்கத்திலே, கோயிலைச் சுற்றிய தெருவில் மனிதன் நடக்கட்டும் என்று போராடியவர்களின் வழியில் வந்தவர்கள் நாம். வடத்தைத் தொடாதே என்கிற வாய், நாளை கிணற்றுக் கயிற்றையும் தொடாதே என்னும். நேற்று வரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

பட்டறையை விட்டுக் கிளம்பும் முன் நாம் ஒரு காரியம் செய்தோம். பள்ளி விளையாட்டு விழாவுக்கு வடம் இழுக்கும் போட்டி வைப்பதுண்டு. பழைய வடம் நைந்துவிட்டது. சென்ற ஆண்டு நைலான் கயிறு பிள்ளைகளின் உள்ளங்கையை அறுத்தது. ஆகவே தென்னை நாரிலே ஒன்று வேண்டும் என்றோம். நார் சொரசொரக்குமே என்று நண்பர் தயங்கினார். வழுக்காது, பிடி கிடைக்கும், கொஞ்ச நாளில் பழகிவிடும் என்றார் அம்மையார். அவர் கையைப் பார்த்த பிறகு நாங்கள் அதை மறுக்க எந்த உரிமையும் இல்லை.

"எத்தன பயலுக இழுப்பாக?" என்று கேட்டார்.

வழக்கமாகப் பக்கத்துக்கு எட்டுப் பேர். அந்த எட்டுப் பேரைப் பிள்ளைகளே பொறுக்கிக்கொள்வார்கள். எந்த நிறத்தை வைத்துப் பொறுக்குவார்கள் என்பது நமக்குத் தெரியும். இம்முறை பெயர்ப் பட்டியலின் வரிசைப்படி ஒற்றை எண் ஒரு பக்கம், இரட்டை எண் மறு பக்கம் என்று நிறுத்தப் போகிறோம்.

"வகுப்பு முழுக்க, அம்மா. நாற்பத்திரண்டு பேர். பெண் பிள்ளைகளும் சேர்த்து."

"அப்ப கனமாத்தான் திரிக்கணும்" என்றார்.

முன்பணம் கொடுத்துச் சீட்டு வாங்கினோம். பதினைந்து நாளில் முடித்துத் திண்டிவனம் லாரியில் போட்டுவிடுவதாகச் சொன்னார்கள். மழை வராவிட்டால்.